நாயின் பற்களும் அதன் உணவும்

மனிதனோடு மிக நெடுங்காலமாக வாழ்ந்து வரும் பிராணி நாய். வீட்டைக் காப்பதிலும், ஆட்டு மந்தையைக் காப்பதிலும், எல்லையில் இராணுவத்துக்கு உதவுவதிலும் அதன் பணி எல்லோரும் அறிந்ததே. ஆயினும் நாயின் வாயில் என்ன நிகழ்கிறது என்பதை அதனை வளர்ப்போர் பெரும்பாலும் கவனிப்பதில்லை. வாய் நாற்றம் நாய்க்கு இயல்பு என்றே பலர் எண்ணுகின்றனர். இது தவறான எண்ணம். நலமுள்ள நாயின் வாயில் துர்நாற்றம் இராது. நாற்றம் தோன்றினால், ஈறுகளில் நோய் தொடங்கிவிட்டது என்றே பெரும்பாலும் கொள்ள வேண்டும். வயது வந்த நாய்களைப் பீடிக்கும் நோய்களில் ஈறு நோயே மிகச் சாதாரணமானது எனக் கால்நடை மருத்துவர்கள் கூறுகின்றனர்.

இந்நோயைத் தடுக்க உணவினால் எவ்வளவு இயலும்? இக்கேள்விக்கு மக்களிடையே இரண்டு விடைகள் வழங்குகின்றன. பால் கொடுத்தால் பல் உறுதிப்படும் என்பது ஒன்று. எலும்பு கொடுத்தால் பல் சுத்தமாகும் என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. இரண்டிலும் பிழையும் உண்டு. உணவு பற்களுக்கு இரு வழிகளில் பயன்படுகிறது. உணவிலுள்ள சத்துக்கள் இரத்தத்தின் வழியே சென்று பல்லையும் தாடை எலும்பையும் உருவாக்குவது முதல் வழி. உணவின் கடினமும் நார்த்தன்மையும் மெல்லும்போது பல்லின் மேற்பரப்பைத் தேய்ப்பது இரண்டாவது வழி. ஒரு வழியால் ஆகும் பயனை மற்றொரு வழியால் பெற முடியாது. இந்த வேறுபாட்டை அறிந்துகொண்டால், நாய்க்கு எதைக் கொடுப்பது, எதைத் தவிர்ப்பது என்பது எளிதில் விளங்கும்.

பற்களின் அமைப்பு

நாய்க்குட்டி பிறக்கும்போது பற்கள் வெளியே தெரிவதில்லை. ஏறக்குறைய மூன்றாவது வாரத்தில் பாற்பற்கள் முளைக்கத் தொடங்கும். இவற்றின் எண்ணிக்கை 28. சுமார் மூன்றரை மாதம் முதல் இவை விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். ஏழு மாதத்திற்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். மேல் தாடையில் 20, கீழ் தாடையில் 22 என இவை அமைந்துள்ளன. வெட்டுப்பற்கள் 12, கோரைப்பற்கள் 4, முன்கடைவாய்ப்பற்கள் 16, பின்கடைவாய்ப்பற்கள் 10 என்பது கணக்கு.

மனிதனின் கடைவாய்ப்பற்கள் அரைப்பதற்கு ஏற்றவை. நாயின் கடைவாய்ப்பற்களில் முக்கியமானவை கத்தரிக்கோல் போல் வெட்டுவதற்கு ஏற்றவை. மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல்லும், கீழ் தாடையின் முதலாவது பின்கடைவாய்ப்பல்லும் ஒன்றையொன்று உராய்ந்து இறைச்சியையும் நாரையும் அறுக்கின்றன. ஆகவே நாய் உணவை நெடுநேரம் அரைப்பதில்லை; துண்டாக்கி விழுங்கிவிடுகிறது. கட்டாயப்படுத்தும் பொருள் ஒன்று வாயில் இருந்தாலன்றி, அது மெல்லுவதில்லை. இந்த இயல்பை நினைவிற் கொள்ள வேண்டும்.

நோய் தோன்றும் வகை

உண்டு முடித்த சில மணி நேரத்திற்குள்ளாகவே பல்லின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று படியத் தொடங்குகிறது. உமிழ்நீரிலுள்ள புரதப் பொருள்களும், அவற்றின் மேல் பெருகும் எண்ணற்ற நுண்ணுயிர்களும் சேர்ந்ததே இப்படலம். இரண்டு மூன்று நாட்களில் உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதிற்படிந்து, படலம் கல்லைப்போல் இறுகுகிறது. மஞ்சளாகவோ பழுப்பாகவோ பல்லின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இதனைப் பற்காரை என்பர்.

நாயின் உமிழ்நீர் மனித உமிழ்நீரைக் காட்டிலும் காரத்தன்மை மிக்கது. இதனால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. பல்லை அரிக்கும் அமிலம் எளிதில் தங்குவதில்லையாதலால், மனிதரிடம் காணப்படும் சொத்தைப்பல் நாயிடம் அரிதாகவே காணப்படுகிறது. ஆனால் அதே காரத்தன்மை, படலம் விரைவில் இறுகிக் காரையாவதற்குத் துணை செய்கிறது. சுருங்கக் கூறின், மனிதன் பெரும்பாலும் சொத்தையால் பல்லை இழக்கிறான். நாய் பெரும்பாலும் ஈறு நோயால் பல்லை இழக்கிறது.

படலத்திலுள்ள நுண்ணுயிர்களின் நச்சுப் பொருள்களால் ஈறு சிவந்து வீங்குகிறது. இந்த நிலையில் பல்லைத் தூய்மைப்படுத்தினால் ஈறு பழைய நிலையை அடைந்துவிடும். கவனிக்காது விட்டால், வீக்கம் ஈற்றினடியில் புகுந்து, பல்லைத் தாங்கும் தசைநார்களையும் எலும்பையும் கரைக்கிறது. இவ்வாறு கரைந்த எலும்பு மீண்டும் தானே வளர்வதில்லை. பல் ஆடுகிறது, முடிவில் விழுகிறது. நாய் வலியை வெளிப்படையாகக் காட்டும் பிராணியன்று. பல் ஆடும் நிலையிலும் அது உண்டுகொண்டே இருக்கும்; ஆகவே நோய் முற்றும் வரை வீட்டார் அறிவதில்லை.

உணவின் உட்பொருள்

நாயின் பல் வளர்ச்சிக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் தெளிவாக நிறுவியவர்களுள் இங்கிலாந்தைச் சேர்ந்த மே மெல்லன்பி அம்மையார் ஒருவர். 1918இல் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்துக் குறைந்த உணவைப் பெற்ற நாய்க்குட்டிகளின் பற்கள் தாமதமாக முளைத்தன என்றும், எனாமல் மெலிந்து குறைபட்டிருந்தது என்றும், தாடை எலும்புகள் சீர்கெட்டிருந்தன என்றும் காட்டினார். பின்னர் வைட்டமின் டி எனப் பெயர் பெற்ற சத்தே இதற்குக் காரணம் எனத் தெரிந்தது.

இவ்விடத்தில் ஒரு செய்தியைக் குறிப்பிடுதல் அவசியம். வெயிலில் நின்றால் மனிதனின் தோலில் வைட்டமின் டி உண்டாகிறது. நாயின் தோலில் அவ்வாறு போதிய அளவு உண்டாவதில்லை என்பது 1990களில் நடந்த ஆராய்ச்சிகளால் உறுதிப்பட்டது. ஆகவே நாய் நாள் முழுதும் வெயிலில் திரிந்தாலும், இச்சத்தை உணவின் வழியே பெற்றாக வேண்டும். முட்டையின் மஞ்சட்கரு, ஈரல், மீன் ஆகியவற்றில் இது உள்ளது. ஆனால் மருத்துவர் கூறாமல் மீன் எண்ணெயையும் மருந்துகளையும் மிகுதியாகக் கொடுத்தலும் தீங்கே.

வைட்டமின் சி பற்றியும் ஒரு குழப்பம் நிலவுகிறது. ஈறுகளில் இரத்தம் கசிந்தால் நெல்லிக்கனியும் எலுமிச்சையும் உண்ண வேண்டும் எனப் பள்ளிகளில் கற்பிக்கப்படுகிறது. இது மனிதனுக்குப் பொருந்தும். நாய் தனக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தன் ஈரலிலேயே உண்டாக்கிக்கொள்கிறது. ஆதலின் நாயின் ஈறு இரத்தம் கசிவதற்கு இச்சத்தின் குறைவு காரணமன்று. படலமும் காரையுமே காரணம்.

சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் ஒன்றுக்கொன்று ஏற்ற அளவில் இருத்தல் வேண்டும். சுண்ணாம்புச் சத்து பாஸ்பரசுக்குச் சமமாகவோ, அதைவிடச் சற்று மிகுந்தோ இருப்பது நாய்க்கு ஏற்றது. எலும்பு நீங்கிய வெறும் இறைச்சியில் பாஸ்பரஸ், சுண்ணாம்புச் சத்தைப் போல் பத்து முதல் இருபது மடங்கு வரை உள்ளது. அரிசியிலும் கோதுமையிலும்கூடப் பாஸ்பரசே மிகுதி. குட்டிக்கு இறைச்சியை மட்டுமே ஊட்டினால், இரத்தத்தில் சுண்ணாம்பின் அளவைச் சரிக்கட்ட உடல் எலும்புகளிலிருந்து அதனை எடுத்துக்கொள்கிறது. தாடை எலும்பு மெலிந்து பற்கள் தளர்கின்றன. கால் எலும்புகளும் எளிதில் முறிகின்றன. அன்போடு இறைச்சியை மட்டும் ஊட்டி வளர்க்கும் வீடுகளிலேயே இது நேரிடுவது வருந்தத்தக்கது.

கேழ்வரகில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உள்ளது. தானியங்களில் இது மிக உயர்ந்த அளவு. எனினும் அதிலுள்ள வேறு சில பொருள்கள் இச்சத்து முழுவதும் உடலிற் சேர்வதைத் தடுப்பதால், கேழ்வரகுக் கூழை மட்டும் நம்பி இருத்தல் கூடாது. பெரிய இன நாய்களின் குட்டிகளுக்குச் சுண்ணாம்பு மருந்துகளை மிகுதியாகக் கொடுத்தால் எலும்பு வளர்ச்சி கோணும் என்பதும் அறியப்பட்டதே. அளவை மருத்துவரே தீர்மானிக்க வேண்டும்.

நிலைப்பற்களின் எனாமல், பல் முளைக்கு முன்பே ஈற்றினுள் உருவாகி முடிந்துவிடுகிறது. முளைத்த பின் எவ்வளவு பால் கொடுத்தாலும் குறைபட்ட எனாமல் மீண்டும் உருவாகாது. பால் கொடுத்தால் பல் உறுதிப்படும் என்னும் கூற்றின் எல்லை இதுவே. உணவின் உட்பொருளால் பல்லுக்கு ஆகும் பயன் பெரும்பாலும் தாயின் கருப்பத்திலும் குட்டிப் பருவத்திலும் அமைவது. அப்பருவத்தில் டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோய் கண்டாலும் எனாமலில் குழிகள் விழும். ஆகவே உரிய காலத்தில் தடுப்பூசி போடுவதும் பல்லைக் காக்கும் செயலே.

சோளமும் கருநாக்கு நோயும்

உணவின் உட்பொருள் வாயை எவ்வாறு பாதிக்கும் என்பதற்குக் கருநாக்கு நோய் மற்றொரு சான்று. இந்நோய் கண்ட நாயின் வாயினுட்புறம் சிவந்து புண்ணாகும். நாக்கின் நிறம் கறுக்கும். நாற்றமுள்ள எச்சில் வழியும். மக்காச்சோளத்தையே பெரிதும் உண்ணும் மனிதருக்கு வரும் பெல்லாகரா நோயை இது ஒத்தது. 1937இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் எல்வேஜம் என்பவரும் அவருடைய துணைவர்களும், ஈரலிலிருந்து பிரித்தெடுத்த நிகோடினிக் அமிலச் சத்தைக் கொடுத்து இந்நாய்களைக் குணப்படுத்தினர். மனிதரின் பெல்லாகராவுக்கும் மருந்து இதனாலேயே கிடைத்தது.

இந்தியாவில் தக்காணப் பகுதியில் சோளத்தை முக்கிய உணவாகக் கொண்டவர்களிடையே பெல்லாகரா காணப்பட்டது. குன்னூரிலிருந்து 1958இல் ஐதராபாதுக்கு மாற்றப்பட்ட ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் சி. கோபாலன் அவர்களும் அவருடைய துணைவர்களும் 1960களில் இதை ஆராய்ந்தனர். சோளத்தில் மிகுந்துள்ள லியூசின் என்னும் அமினோ அமிலத்தை உணவிற் சேர்த்தபோது, நாய்க்குட்டிகளுக்குக் கருநாக்கு நோய் உண்டானதாக அவர்கள் அறிவித்தனர். லியூசினே காரணமா என்பது பின்னர் விவாதத்துக்கு உள்ளாயிற்று. ஆயினும் ஒரே தானியத்தை மட்டும் உண்பதால் வாயின் நலம் கெடும் என்பதில் ஐயமில்லை. சோள ரொட்டியை மட்டுமே உண்டு வளரும் கிராமத்து நாய்க்குச் சிறிது பருப்பும், முட்டையோ இறைச்சியோ மீனோ சேர்த்துக் கொடுப்பது அதன் வாய்க்கும் உடலுக்கும் நலம் பயக்கும்.

உணவின் கடினத்தன்மை

இனி, இரண்டாவது வழியைக் காண்போம். பால் சோறு, தயிர்ச் சோறு, பாலில் ஊறவைத்த சப்பாத்தி, ரொட்டித் துண்டு ஆகியவையே இந்திய வீடுகளில் நாய்க்குக் கிடைக்கும் வழக்கமான உணவு. இவற்றை நாய் மெல்லாமலே விழுங்கிவிடும். மென்மையான உணவை மட்டும் உண்ணும் நாய்களின் ஈறு விரைவில் கெடுகிறது என்பதை 1939இல் பர்வாசர், ஹில் ஆகிய இருவரும் கடின உணவையும் மென்மையான உணவையும் ஒப்பிட்டு ஆராய்ந்து காட்டினர்.

மென்மையான உணவு பல்லில் ஒட்டிக்கொள்வதுதான் இதற்குக் காரணம் எனத் தோன்றலாம். சுவீடனைச் சேர்ந்த எகல்பெர்க் 1965இல் செய்த சோதனை இக்கருத்தைத் திருத்தியது. அவர் சில நாய்களுக்கு உணவை வாயில் படாமல் குழாய் மூலம் நேரே வயிற்றுக்குச் செலுத்தினார். அந்நாய்களின் பற்களிலும் படலம் படிந்தது. ஆகவே படலம் தோன்றுவதற்கு உணவுத் துணுக்குகள் வாயில் தங்க வேண்டுவதில்லை. மென்மையான உணவின் குற்றம் அது ஒட்டிக்கொள்வதைக் காட்டிலும், படிந்த படலத்தைத் தேய்த்து நீக்காமையே ஆகும்.

இதிலிருந்து மற்றோர் உண்மையும் புலப்படும். கடினமான உணவு எல்லாம் பல்லைத் துடைக்கும் என்பதில்லை. சாதாரண பிஸ்கோத்து பல்லின் நுனி பட்டவுடனே நொறுங்கிவிடும். நோய் தொடங்கும் இடமாகிய ஈற்றின் ஓரத்தை அது தொடுவதே இல்லை. பல் உள்ளே புதையும் வரை நொறுங்காமல், நார்போல் பல்லைச் சுற்றித் தேய்க்கும் பொருளே பயனளிக்கும். இக்காரணம் பற்றியே பற்களுக்கெனத் தனியாகச் செய்யப்படும் நாய் உணவுகள், பெரிய துண்டுகளாகவும் நார் மிகுந்தும் அமைக்கப்படுகின்றன. சிலவற்றில் உமிழ்நீரின் சுண்ணாம்பைக் கட்டுப்படுத்திக் காரை படிவதைக் குறைக்கும் பாஸ்பேட் உப்புக்களும் சேர்க்கப்படுகின்றன.

எலும்பின் நன்மையும் தீமையும்

எலும்பைக் கடிப்பதால் காரை குறைகிறது என்பது உண்மையே. பிரேசில் நாட்டில் பீகிள் இன நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்து நடத்திய ஆராய்ச்சி ஒன்று 2016இல் வெளியாயிற்று. பன்னிரண்டு நாட்களில் பற்காரை குறிப்பிடத்தக்க அளவு குறைந்ததாக அதில் அறிவிக்கப்பட்டது. ஆனால் காரை குறைவதும் ஈறு நலம் பெறுவதும் ஒன்றல்ல. ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் மண்டையோடுகளை ஆராய்ந்த அறிஞர்கள் 1999இல் வெளியிட்ட செய்தி கருதத்தக்கது. வேட்டையாடி எலும்போடு உண்ணும் அந்நாய்களிலும் ஈறு நோயின் அடையாளங்கள் பலவற்றில் காணப்பட்டன; தேய்ந்த பற்களும் முறிந்த பற்களும் மிகுதியாக இருந்தன. இயற்கை உணவு உண்ணும் பிராணிக்குப் பல் நோயே இல்லை என்னும் எண்ணம் இதனால் தகர்கிறது.

கடினமான எலும்பைக் கடிக்கும்போது பெரும்பாலும் முறிவது மேல் தாடையின் நான்காவது முன்கடைவாய்ப்பல். அதன் வேரில் சீழ் கட்டினால் கண்ணுக்குக் கீழே வீக்கம் தோன்றும். சமைத்த எலும்பு இன்னும் அபாயமானது. வெந்த எலும்பு ஈட்டி முனை போல் பிளந்து, தொண்டையிலோ குடலிலோ குத்திவிடும். விருந்து முடிந்து எறியப்படும் கோழி எலும்புகளால் நாய்கள் மாள்வதும் உண்டு. பச்சை எலும்பிலும் இறைச்சியிலும் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் இருத்தல் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இதை மறக்கலாகாது.

நாய் கடிப்பதற்குக் கொடுக்கும் எப்பொருளுக்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதிய வேண்டும். நகம் பதியாத பொருள் பல்லை முறிக்கும் எனக் கொள்ளலாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

பணச் செலவு மிகுதியின்றிச் செய்யக்கூடியவை பல உள்ளன. உணவை நாள் முழுதும் வைத்துவிடாமல், வயது வந்த நாய்க்குக் குறித்த இரண்டு வேளைகளில் கொடுக்க வேண்டும். எல்லா உணவையும் பாலில் ஊறவைத்தல் கூடாது. இறைச்சி கொடுக்க இயலுமாயின், கொத்தாமல் நார் உள்ள பெரிய துண்டாக வேகவைத்து, எலும்பை நீக்கிக் கொடுத்தால் நாய் கிழித்து மென்று தின்னும். பெரிய பச்சைக் காரட்டுத் துண்டும் ஓரளவு உதவும். நாய்க்கெனப் பக்குவம் செய்த தோல் துண்டுகளைக் கொடுக்கும் வீட்டில், அது சிறு துண்டாகக் குறைந்தவுடன் எடுத்துவிட வேண்டும்; இல்லாவிடில் நாய் விழுங்கித் துன்புறும். இனிப்புப் பண்டங்களைத் தவிர்க்க வேண்டும். வெங்காயமும் திராட்சையும் நாய்க்கு நஞ்சாகும். சர்க்கரைக்குப் பதிலாகச் சில மிட்டாய்களிலும் பற்பசைகளிலும் சேர்க்கப்படும் சைலிட்டால் சிறிதளவே உண்டாலும் நாயின் உயிருக்கு ஆபத்து.

உணவு எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அது துணையே ஆகும். பல் துலக்குதலுக்கு ஈடாகாது. 1970களில் சுவீடனில் லிண்டேயும் துணைவர்களும் பீகிள் நாய்களை நான்கு ஆண்டுகள் ஆராய்ந்தனர். நாள்தோறும் பல் துலக்கப்பட்ட நாய்களின் ஈறு நலமாகவே இருந்தது. துலக்கப்படாதவற்றில் பெரும்பாலானவை ஈறு நோய்க்கு ஆளாயின. படலம் இரண்டு மூன்று நாட்களில் காரையாகிவிடும் ஆதலால், வாரம் ஒருமுறை துலக்குவது போதாது. மென்மையான துணியை விரலில் சுற்றி, நாள்தோறும் ஒரு முறை பற்களின் வெளிப்புறத்தை ஈற்றோரமாகத் தேய்த்தலே போதுமான தொடக்கம். மனிதர் பற்பசையைப் பயன்படுத்தலாகாது. குட்டிப் பருவத்திலிருந்தே பழக்கினால் நாய் எதிர்ப்புக் காட்டாது. முன்பே படிந்துவிட்ட காரையை வீட்டில் கத்தியால் சுரண்டுவது எனாமலைக் கெடுக்கும். அதனை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து ஈற்றினடி வரை நீக்க வேண்டும்.

ஸ்பிட்ஸ் போன்ற சிறு இன நாய்களின் சிறிய தாடையில் பற்கள் நெருங்கி நிற்பதால் காரை விரைவில் சேரும். ஏழு மாதத்திற்குப் பின்னும் பாற்பல் விழாமல் நிலைப்பல்லோடு சேர்ந்து நின்றால், அதை மருத்துவரிடம் காட்டி எடுத்துவிட வேண்டும்.

களப் பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க

வாய் நாற்றம், ஈற்றோரத்தில் சிவந்த கோடு, ஒருபக்கமாக மெல்லுதல், உணவை வாயில் எடுத்துக் கீழே போடுதல், கண்ணுக்குக் கீழே வீக்கம் ஆகியவை பல் நோயின் அறிகுறிகள். இவற்றைக் கண்டால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டும்.

ஆனால் எச்சில் வழிவதெல்லாம் பல் நோய் அன்று. கீழ்த்தாடை தொங்கி, எச்சில் வழிந்து, விழுங்க இயலாமல், குரல் மாறி நிற்கும் நாய்க்கு வெறிநோய் கண்டிருக்கக் கூடும். தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது என்று கருதி அதன் வாயில் கையை விட்டோர் உயிரிழக்க நேரிடும். இத்தகைய நாயை யாரும் தொடலாகாது. வாயைத் திறந்து பார்க்கவும் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். கடியோ கீறலோ, புண்ணில் எச்சிலோ பட்டிருந்தால், அவ்விடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவித் தாமதமின்றி மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். நோயின் அறிகுறி தோன்றிய பின் வெறிநோய்க்கு மருந்து இல்லை எனலாம்.

பள்ளி ஆசிரியர்கள் பற்களின் வகைகளைக் கற்பிக்கும்போது, உயிருள்ள நாயின் வாயைத் திறந்து காட்டாமல், படத்தையோ அருங்காட்சியக மண்டையோட்டையோ பயன்படுத்துதல் நன்று. மனிதனின் அரைக்கும் பல்லையும் நாயின் அறுக்கும் பல்லையும் ஒப்பிட்டுக் காட்டினால், ஒவ்வொரு பிராணியின் உணவும் பல்லும் ஒன்றுக்கொன்று இயைந்தவை என்பது மாணவர்க்கு எளிதில் பதியும். தெரு நாயின் வாயில் கையிடலாகாது என்னும் எச்சரிக்கையையும் அப்பாடத்தோடு சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.

குட்டிப் பருவத்தில் சத்து நிறைந்த கலப்புணவு; வளர்ந்த பின் மென்று தின்னத்தக்க உணவு; எப்பருவத்திலும் நாள்தோறும் பல் துலக்குதல். இம்மூன்றும் சேர்ந்தால் நாயின் பற்கள் அதன் ஆயுள் முழுவதும் நிலைக்க வழியுண்டு. இவற்றுள் ஒன்றை மட்டும் நம்பி மற்றவற்றைக் கைவிடுவதாலேயே பல நாய்கள் நடுவயதிலேயே பல்லிழந்து வருந்துகின்றன.